பட்ஜெட் எவ்வளவு சார்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு காலம்வரை பெரிய விஷயம் எதையும் யாரும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில்லை. வீடு கம்பெனி கொடுத்தது. எந்த பிளாக், எந்தத் தெரு, எத்தனை அறை என்பதைக் கிரேடும் சீனியாரிட்டியும் முடிவு செய்தன. அலாட்மென்ட் ஆர்டர் வந்ததும் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். தண்ணீர், மின்சாரம், ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அப்படித்தான். கொல்லையில் முருங்கை வைப்பதா, மா வைப்பதா என்பது மட்டும் அவரவர் இஷ்டம். ஊர் உண்டான கதை இது: ஜம்புலிங்க முதலியார் 1930களில் தம் நிலத்தில் கிணறு தோண்டப் போய்ப் பழுப்பு நிலக்கரி தலைகாட்டியது. 1956இல் என்.எல்.சி. நிறுவனம் வந்தது, 1957இல் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார், 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. மற்ற ஊர்கள் ஒரு கோயிலையோ சந்தையையோ சுற்றி வளர்ந்தன. இங்கே வரைபடம் முதலில் வந்தது, தெரு அடுத்து, மனிதர்கள் கடைசியில்.

கடைத்தெருவும் அந்த வரைபடத்தில் இருந்ததுதான். மெயின் பஜாரிலும் சூப்பர் பஜாரிலும் அன்றாடச் சாமான் கிடைக்கும். டிவி, ஃபிரிட்ஜ் என்றால் கடலூர். இன்னும் சமர்த்தானவர்கள் வரி குறைவென்று பாண்டிச்சேரிக்குப் போய்வருவார்கள். ஜிஎஸ்டி வந்த பிறகு அந்தச் சமர்த்துக்கு வேலை இல்லாமல் போனது வேறு கதை. எதை வாங்கினாலும் பக்கத்து குவார்ட்டர்ஸில் என்ன இருக்கிறதோ அதையே வாங்குவது வழக்கம். ஒரே கிரேடு, ஒரே சம்பளம், ஒரே போனஸ், ஒரே மாதிரி ஹால். டிவி மட்டும் வேறு மாதிரியாக இருக்க என்ன அவசியம்?

இப்படிப்பட்ட ஊரில் செல்போன் கடை வந்து உட்கார்ந்து, “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டது. சிறிய கேள்விதான். ஆனால் அலாட்மென்ட்டில் பிறந்து அலாட்மென்ட்டில் வளர்ந்தவர்களிடம் அதுவரை அப்படி யாரும் கேட்டிருக்கவில்லை. அந்தக் கேள்வி இந்த இருபது வருஷத்தில் என்ன ஆனது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன்பு எஸ்டிடி பூத் காலம். அதிகாரிகள் வீட்டில் கம்பெனி போன் இருக்கும். மற்றவர்களுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்து மஞ்சள் போர்டுதான். கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், உள்ளே இருப்பவர் சீக்கிரம் முடிக்க மாட்டாரா என்று வெளியே ஒரு வரிசை. இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும் என்பதால் செகண்ட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் அந்த நேரத்துக்குக் காத்திருந்து சொந்த ஊருக்குப் பேசுவார்கள். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசியதை இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு என்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வருஷம் ஒரு கணக்கே இல்லை. வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது. 2003 மே மாதம் வரும் அழைப்பு இலவசமானது. ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாயைக் கட்டினால் கையில் போன் என்று அறிவித்தது. நோக்கியா 1100 வந்ததும் அதே வருஷம். செல்போன் நம் வீட்டுக்கு வந்தது 2003இல்தான் என்று சொன்னால் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும்.

அந்த 1100ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொத்தான்களுக்கு நடுவே சந்து விடாமல் ஒரே ரப்பர் விரிப்பு. தூசி உள்ளே இறங்காது. பக்கவாட்டில் பிடி வழுக்காத சொரசொரப்பு. உச்சியில் ஒரு டார்ச். இந்தியாவை மனதில் வைத்து வடிவமைத்தோம் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. நெய்வேலியை மனதில் வைத்து என்று சொல்லியிருந்தாலும் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். நைட் ஷிப்டுக்கு சைக்கிளில் போகிறவருக்கு டார்ச் வேண்டும். நிலக்கரித் தூசியில் எட்டு மணி நேரம் நிற்கிறவருக்கு அந்த ரப்பர் வேண்டும். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற செட் அது. பக்கத்து மந்தாரக்குப்பத்துக் கடைகளில் அதைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருப்பார்கள். கேட்டால் எடுத்துத் தருவார்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அதைப் பற்றித் தெரிந்தது ஏறக்குறைய ஒரே அளவு. கடைக்காரர் டார்ச்சைப் போட்டுக் காட்டுவார். பாம்பு விளையாட்டைக் காட்டுவார். ரிங்டோன்களை ஒரு சுற்று ஓடவிடுவார். அதற்கு மேல் ஏமாற்றுவதற்கு அந்த செட்டில் எதுவும் இருந்ததில்லை.

அதோடு வந்த பத்து இலக்க எண்ணுக்கு இந்த ஊரில் தனி மதிப்பு. டவுன்ஷிப்பில் ஒருவருடைய முகவரி கம்பெனியின் சொத்து. பிளாக் எண், தெருப் பெயர், குவார்ட்டர்ஸ் எண் எல்லாம் வேலையில் இருக்கும்வரைதான். ஓய்வுபெற்றால் சாவியை ஒப்படைத்துவிட்டு வடலூருக்கோ பண்ருட்டிக்கோ டவுன்ஷிப்புக்கு வெளியே இந்திரா நகரில் கட்டிய வீட்டுக்கோ போக வேண்டும். முப்பது வருஷம் தபால்காரர் தேடி வந்த முகவரியில் வேறொருவர் குடியேறியிருப்பார். செல்போன் எண் அப்படி இல்லை. அது சொந்தக் காசில் வாங்கிய முகவரி. பிரமோஷன் வந்தாலும் வராவிட்டாலும் மாறாது. பழைய எண்ணை ரிட்டயர் ஆன பிறகும் பிடிவாதமாக வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து ‘வேறு நம்பர் வாங்குங்கப்பா, இதுல டவரே கிடைக்கல’ என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள்.

அதுவும் முழுக்கச் சொந்தமில்லை என்பது 2018 பிப்ரவரியில் தெரிந்தது. 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் அந்த மாதம் திடீரென்று சிக்னல் இழந்தது. மாதக் கடைசியில் திவால் மனு போட்டது. அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாற ஓர் எஸ்எம்எஸ் அனுப்பிக் குறியீட்டு எண் வாங்க வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்ப சிக்னல் வேண்டும். சிக்னல் இல்லாததால்தானே மாறுகிறோம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? மாநிலம் முழுக்கக் கடைகளின் முன்னால் கூட்டம் கூடியது. அந்த நாட்களில்தான் செல்போன் கடை என்பது சாமான் விற்கிற இடம் மட்டுமில்லை, ஓர் அரசு அலுவலகத்துக்குரிய கெஞ்சலும் காத்திருப்பும் நடக்கிற இடம் என்று பார்த்தேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவனைப் பார்த்து, அலுவலகத்தில் ஒரு பிரிவையே நடத்தியவர்கள் “தம்பி, கொஞ்சம் பாத்து பண்ணுப்பா” என்றார்கள்.

இப்போதைய கடைக்கு வரலாம். பெயர் வேண்டாம்; இந்திரா நகரிலோ வடக்குத்திலோ மெயின் ரோட்டில் எதற்குள் நுழைந்தாலும் ஒன்றுதான். கதவைத் திறந்ததும் ஏசிக் குளிர், வெள்ளை வெளிச்சம். இடுப்புயர மேசைகளில் டெமோ பீஸ்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் சுருள் ஒயர், கொஞ்சம் அதிகமாக இழுத்தால் அலாரம் கத்தும். மேசைக்கு ஒரு நிறத்தில் சட்டை போட்ட பையன்கள் நிற்பார்கள். நீலம், பச்சை, ஆரஞ்சு. இந்தச் சட்டைகள் புரிந்தால் கடையில் பாதி புரிந்துவிடும். கலர்ச் சட்டைப் பையனுக்குச் சம்பளம் பெரும்பாலும் கடைக்காரர் கொடுப்பதில்லை. போன் கம்பெனியோ அதன் ஏஜென்சியோ கொடுக்கிறது. ப்ரமோட்டர் என்பது அவன் வேலைக்குப் பெயர். மாதத்துக்கு இத்தனை செட் என்று டார்கெட். கடைக்கென்று இருக்கிற சொந்தப் பையன்களுக்கோ எந்த மாடலை நகர்த்தினால் கையில் எவ்வளவு என்ற கணக்கு தனி. ஆகவே நீங்கள் “நல்லா ஒரு போன் காட்டுப்பா” என்று சொன்னவுடன் அங்கே சில கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். அதில் உங்கள் கணக்கு ஒன்றுதான்.

“உங்களுக்கு என்ன வேணும்?” என்ற பழைய கேள்வியை இப்போது யாரும் கேட்பதில்லை. “பட்ஜெட் எவ்வளவு சார்?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். வேறு ஊர்க்காரருக்கு இது சாதாரண விசாரிப்பு. நெய்வேலிக்காரர் காதில் ‘என்ன கிரேடு சார்?’ என்று விழும்.

போனஸ் கிடைத்த வாரத்தில் ஒரு குடும்பம் வந்திருந்தது. போன் வாங்குவதற்கு நம் வீடுகளில் மாப்பிள்ளை பார்க்கப் போகிறமாதிரி எல்லோரும் கிளம்பி வருவது வழக்கம். ஒருவருக்காவது பிடிக்கவில்லை என்றால் காரியம் நடக்காது. இவர்கள் அப்பா, அம்மா, காலேஜ் போகிற பெண். அப்பா பதினைந்தாயிரத்துக்குள் என்றார்.

“பதினஞ்சுல இருக்கு சார். போன வருஷ மாடல். கொஞ்சம் ஏத்திப் பதினெட்டுக்கு வந்தீங்கன்னா புது மாடலே குடுத்துடுவேன்.”

“அவ்ளோ எதுக்குப்பா?”

“பாப்பா காலேஜ் போவுதுல்ல சார்?”

எவ்வளவு நேர்த்தி பாருங்கள். ஒரே வாக்கியத்தில் பையன் மகளின் கட்சியில் சேர்ந்துகொண்டான், அப்பா தனியாள். அந்தப் பெண் ஏற்கெனவே இருபத்திரண்டாயிரம் போட்டிருந்த மேசைப் பக்கம் நகர்ந்துவிட்டாள். அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: “சார்ஜ் எத்தனை நாளு நிக்கும் தம்பி?” அன்றைக்கு அந்தக் கடையில் கேட்கப்பட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான். டெமோ பீஸை வைத்து அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. அது எப்போதும் ஒயரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. “அதெல்லாம் சூப்பரா நிக்கும்கா” என்று சொல்லிவிட்டுப் பையன் கேமராவைத் திறந்தான். கடைசியில் இருபத்திரண்டாயிரத்து மாடலே பில்லானது. மேற்கொண்டு டெம்பர் கிளாஸ், பவுச். போனில் கடைக்குக் கிடைக்கிற லாபம் சொற்பம். அந்தக் கண்ணாடித் துண்டில் விகிதக் கணக்குப் போட்டால் அதைவிடக் கூடுதல். அதனால்தான் டெம்பர் ஒட்டும்போது மட்டும் அவ்வளவு பக்தி.

கேமராவைத் திறந்ததும் முன்பக்க லென்ஸைத்தான் முதலில் காட்டுகிறார்கள். நம் முகமே திரையில் தெரியும். அதுவும் கொஞ்சம் வெளுத்து. முகத்தை மறுத்துப் பேச யாருக்கு மனசு வரும்? நெய்வேலியில் அந்த லென்ஸுக்கு விளம்பரமே தேவையில்லை. 2020 பிப்ரவரியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு இங்கே சுரங்கத்தில் நடந்தது. வருமான வரித் துறையினர் வந்து அதில் நடித்த விஜய்யைச் சென்னைக்கு அழைத்துப்போனார்கள். திரும்பி வந்தவரைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. அவர் ஒரு வேனின் மேல் ஏறி, அந்தக் கூட்டத்தைப் பின்னால் வைத்து ஒரு செல்ஃபி எடுத்து, நெய்வேலிக்கு நன்றி சொல்லி ட்விட்டரில் போட்டார். அந்த வருஷம் இந்தியாவில் அதிகம் பேர் மறுபகிர்வு செய்த ட்வீட் அதுதான் என்று ட்விட்டர் நிறுவனம் டிசம்பரில் சொன்னது. படத்தில் நானும் இருக்கிறேன் என்று பெரிதாக்கிக் காட்டுபவர்கள் ஊரில் இன்றைக்கும் உண்டு. பெரிதாக்கினால் ஒரு புள்ளி தெரியும். அதே ஊர், அதே போன்கள், மூன்று வருஷம் கழித்து, 2023 ஜூலையில் வேறொன்றையும் எடுத்தன. வளையமாதேவி கிராமத்தில் பயிர் நின்ற நெல்வயலில் கால்வாய் வெட்ட இறங்கிய கம்பெனி இயந்திரங்களை வரப்பில் நின்றவர்கள் படம் பிடித்தார்கள். நாளிதழ் வருவதற்கு முன்பே தமிழ்நாடு முழுக்க அந்தக் காட்சி கைக்குக் கை போய்விட்டது. டவுன்ஷிப்புக்குள் இருந்து அதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒன்றும் எழுதாமல் அடுத்தவருக்கு அனுப்பினார்கள். குரூப்பில் மேலதிகாரி இருக்கிறாரே.

கடையின் மூலையில் ஒரு சின்ன மேசை இருக்கும். லேப்டாப், கைரேகை வைக்கும் கருவி, கழுத்தில் ஃபைனான்ஸ் கம்பெனி அடையாள அட்டை தொங்கும் ஒரு பையன். கடையில் நடக்கும் உண்மையான தேர்வு இந்த மேசையில் நடக்கிறது. தேர்வு எழுதுவது நாம். “என்.எல்.சி.யா சார்? பர்மனென்ட்டா?” என்பது முதல் கேள்வி. பர்மனென்ட் என்றால் மேற்கொண்டு கேள்விகள் குறைந்துவிடும். வட்டியில்லாத் தவணை என்பார்கள். ப்ராசஸிங் ஃபீஸ் என்று ஒரு தொகை அதற்குள் ஒளிந்திருக்கும். பர்மனென்ட்காரர் அதைக் கவனிக்காததுபோல் கையெழுத்துப் போடுவார். சொசைட்டி மூலம் வந்த ஒப்பந்தத் தொழிலாளி என்றால் கதை வேறு. ஒரே சுரங்கத்தில், ஒரே ஷிப்டில், அதே தூசியில் நிற்கிறவர்கள்தான். ஒப்பந்தக் கூலியாக ஆண்டுக்கணக்கில் இருந்துகொண்டு பணி நிரந்தரம் கேட்டுப் போராடுகிறவர்கள். அவர்களைக் கடைப் பையன் “அண்ணே” என்று கூப்பிடுகிறான். மற்றவரை “சார்” என்று. கேட்க “அண்ணே”தான் இனிமை. லோன் “சார்” பக்கம் போகிறது.

ஒருவருக்கு நடந்ததைப் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். மகனுக்கு போன். ஆதார் கொடுத்தார், பாஸ்புக் கொடுத்தார், வெள்ளைச் சுவரோரம் நிற்கவைத்து எடுத்த போட்டோவுக்கு முகம் கொடுத்தார். ஓடிபி வந்தது, கண்ணாடி இல்லாததால் எண்ணைப் பையனே படித்துக்கொண்டான். திரையில் சின்ன வட்டம் சுற்றியது.

“சிஸ்டம் எடுக்கலண்ணே.”

“ஏன் தம்பி?”

“சிபில் இல்லண்ணே. மைனஸ் ஒன்னு காட்டுது.”

சிபில் என்னும் கடன் மதிப்பெண் 300இல் தொடங்கி 900இல் முடியும். இதுவரை வங்கிக் கடனே வாங்காதவருக்கு மைனஸ் ஒன்று. யாரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்தான் என்று ஊரில் நற்பெயராகச் சொல்வதை இந்த மேசை அப்படிக் குறித்துக்கொள்கிறது. கடன் வாங்கித் திருப்பிக் கட்டியிருந்தால்தான் கடன் கிடைக்கும். அவர் கோபப்படவில்லை. “அப்ப சரி, சீட்டு எடுத்துட்டு வரேன்” என்று எழுந்தார். கிடைத்திருந்தாலும் அந்தக் கடனுக்கு ஒரு வால் இருந்தது. இப்படித் தவணையில் தந்த போன்கள் பலவற்றில் பூட்டு வைத்த ஒரு செயலியை ஏற்றித் தந்தார்கள். தவணை தவறினால் திரை பூட்டிக்கொண்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யக்கூடக் கம்பெனி கால அவகாசம் கொடுக்கும்.

என்ன வேண்டும் என்று கேட்க வந்த கடை, ஊரில் ஏற்கெனவே இருந்த கிரேடை எடுத்து மேசையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அலாட்மென்ட் ஆர்டரில் குறைந்தபட்சம் கையெழுத்துப் போட்ட அதிகாரி யார் என்று தெரியும். தெரிந்தால் யூனியன் ஆபீஸுக்குப் போய் மனு கொடுக்கலாம். சிஸ்டத்திடம் எந்த யூனியன் பேசும்?

இதற்குப் பதில் ஆன்லைனில் வாங்கிவிடலாமே என்பார்கள். 2014 ஜூலையில் ஷியோமியும் ஃபிளிப்கார்ட்டும் சேர்ந்து சில நொடியில் விற்றுத் தீரும் வியாபாரத்தைத் தொடங்கியபோது கடைகள் ஒழிந்தன என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒழியவில்லை. 1997இல் சென்னையில் தொடங்கிய யுனிவர்செல் மங்கியது. 2004இல் கோடம்பாக்கத்தில் தொடங்கிய பூர்விகா மாநிலம் முழுக்கப் பரவியது. 2024இல் தென்னிந்தியக் கடைக்காரர்களின் சங்கம் லாபம் போதவில்லை என்று மே முதல் ஒன்பிளஸ் போன்களை விற்க மாட்டோம் என்று கடிதமே எழுதும் அளவுக்குக் கடைகளுக்குத் தெம்பு இருந்தது. காரணம் எனக்குத் தெரிந்தவரை எளிது. போன் மக்கர் செய்தால் போய்ச் சண்டை போட ஒரு ஆள் வேண்டும். மாதம் ஒருமுறை “தம்பி, வாட்ஸப்புல படம் வரல” என்று கொண்டுபோய் நீட்ட ஒரு கவுண்டர் வேண்டும். அந்தப் பையன் விற்றபோது சொன்னதில் பாதி பொய் என்று தெரிந்தாலும், விற்ற பிறகு அவன் செய்கிற இலவச உபகாரங்களுக்குக் கணக்கில்லை.

அதில் ஒன்று பழைய போனிலிருந்து புதுப் போனுக்கு எண்களை மாற்றித் தருவது. ரிட்டயர் ஆனவர்களின் எண் பட்டியல் ஒரு துறையின் வருகைப் பதிவேடு. ‘மைன்ஸ் 2 எலெக்ட்ரிகல்’, ‘டிபிஎஸ் கேன்டீன்’, ‘பிளாக் 18 பால்’, ‘ஆஸ்பத்திரி மருந்து கவுண்டர்’, ‘கன்வேயர் மணி’, அடுத்து ‘கன்வேயர் மணி புது’. மனிதர்களை அவர்கள் வேலை பார்த்த இடத்தோடு சேர்த்துத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள். 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டுவிட்டது. அதன் பெயரோடு சேமித்த எண்கள் ஒன்றும் அழியாமல் ஒரு போனிலிருந்து அடுத்த போனுக்கு இன்னமும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. “டூப்ளிகேட் நெறைய இருக்கு ஐயா, டெலீட் பண்ணிடவா?” என்று பையன் கேட்டால், வேண்டாம் என்பார்கள்.

மின் நிலையத்தைச் சொன்னதும் ஒரு கணக்கு. இன்றைய போனில் 5000 எம்ஏஎச் பேட்டரி என்று பெட்டியில் போட்டிருக்கும். ஒரு முறை முழுக்க ஏற்றினால் ஏறக்குறைய 19 வாட் மணி. தினம் ஒரு முறை என்று வைத்தால் வருஷத்துக்கு ஏழு யூனிட். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் எட்டு. நம் பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எரிய வேண்டும். ஆக ஒரு போன் வருஷத்துக்கு எட்டு ஒன்பது கிலோ நிலக்கரி தின்கிறது, அதை எடுக்க அதைவிடப் பல மடங்கு மேல்மண்ணைத் தள்ள வேண்டும். அந்த மேல்மண் ஒரு காலத்தில் யாரோ உழுத நிலம். “சார்ஜ் எத்தனை நாளு நிக்கும்?” என்ற கேள்விக்கு இப்படியும் ஒரு பதில் இருக்கிறது. பெட்டியில் அச்சடிக்க மாட்டார்கள்.

சீட்டு எடுத்தவர் பிறகு எந்தக் கடையில் வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரைப் போன்றவர்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம் தெரியும். மந்தாரக்குப்பத்தில் ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய ரிப்பேர் கடைகள் உண்டு. ஏசி இல்லை, கலர்ச் சட்டை இல்லை. தலைக்கு மேல் ஒரு வளைகழுத்து விளக்கு, முன்னால் ஒரு ஹாட் ஏர் கன், காந்தப் பாயில் பிரித்து வைத்த திருகாணிகள். இவர்களுக்கு எந்தக் கம்பெனியும் டார்கெட் கொடுப்பதில்லை. எல்லாக் கம்பெனி போனையும் வயிற்றைக் கிழித்துப் பார்த்தவர்கள். எந்த மாடலில் சார்ஜிங் போர்டு போகும், எதில் டிஸ்ப்ளேயில் பச்சைக் கோடு விழும் என்பது இவர்களுக்குத்தான் தெரியும். ஷோரூம் வாசலில் நிற்காமல் இங்கே வந்து கேட்டுவிட்டுப் புதுப் போன் வாங்கப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைவிடப் புத்திசாலித்தனம் வேறில்லை.

திரை உடைந்த ஒரு போனை ஒரு அம்மா நீட்டினார். ரிப்பேர்க்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார், ஓரத்தில் நகத்தால் சுரண்டினார்.

“ஒரிஜினல் டிஸ்ப்ளே போட்டா மூவாயிரத்து ஐநூறு. காப்பி ஆயிரத்து நானூறு. காப்பியில வெளிச்சம் கம்மியா இருக்கும், வெயில்ல தெரியாது. ஆறு மாசம் வரும். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்.”

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். “காப்பியே போடுங்க. பையன் பத்தாவது. வெயில்ல வச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொல்லிக்கறேன்.”